கல்லூரிக் கணக்கும் ரத்த அழுத்தமும்: உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், சினிமா பார்ப்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் பேரனுடன் வீடியோவில் பேசுவார்கள். இரண்டாவது மாதம், "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வந்துவிடும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவன் நான். என்னிடம் அதிகம் வரும் விசாரிப்புகள் இரண்டு. ஒன்று: "பாதியில் விட்ட கல்லூரிக் கணக்கை இப்போது வீட்டிலிருந்தே படிக்க முடியுமா?" இரண்டு: "யோகா, மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அதற்குக் கம்ப்யூட்டர் ஏதாவது உதவுமா?"

இரண்டுக்கும் விடை, முடியும் என்பதுதான். அதைவிட நல்ல செய்தி, இந்த இரண்டையும் ஒரே ஒர்க்‌ஷீட்டில் சேர்த்துவிடலாம். கல்லூரியில் புள்ளியியல் என்று சொல்லித்தரும் கணக்கை, உங்கள் ரத்த அழுத்த எண்களை வைத்தே கற்றுக்கொள்ளலாம். மாத்திரை சாப்பிடும் வீடுகளில் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கட்டுரையின் நடுவில் பார்ப்போம்.

இந்தப் பாடத்துக்குத் தேவையானவை: ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட் இணைப்பு, லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராம். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். நான் கொடுக்கும் ஃபார்முலாக்கள் இரண்டிலும் வேலை செய்யும்.

வீட்டில் இருந்தபடியே கல்லூரிக் கணிதம்

உயர்ந்த படிப்பு வீட்டுக் கூடத்தில் நடப்பது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. லஸ் சர்ச் ரோட்டில் உள்ள ஏகாம்ர நிவாஸ் என்ற வீட்டில், 1950-களின் கடைசியில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கம் ஒன்றை நடத்தி வந்தார். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி நீல்ஸ் போர் 1960-ல் சென்னை வந்தபோது இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பாராட்டினார். அந்த முயற்சியின் பலனாக 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் உருவானது. இன்று தரமணியில் இயங்கும் மேட்சயன்ஸ் அதுதான்.

அன்று அந்தக் கூடத்துக்கு அழைப்பு வேண்டும். இன்று வகுப்பறை உங்கள் மேஜைக்கே வருகிறது. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் என்பிடெல். அடையாறு பக்கத்தில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி. இதில் முக்கியப் பங்காளி. முதலில் வீடியோ பாடங்கள் மட்டும் வந்தன. 2014-லிருந்து வாரா வாரம் பயிற்சித்தாள், கடைசியில் தேர்வு, சான்றிதழ் என்று முழு வகுப்பாகவே நடத்துகிறார்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. என்பிடெல் பாடங்கள் இதிலும் கிடைக்கின்றன. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் எல்லாமே உண்டு.

சேரும் முறை:

1. பிரவுசரைத் திறந்து ஸ்வயம் தளத்துக்குச் செல்லவும். முகவரி: ஸ்வயம் டாட் ஜிஓவி டாட் இன். ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.

2. உங்கள் இமெயில் முகவரியைக் கொடுத்துக் கணக்கு தொடங்கவும்.

3. தேடும் கட்டத்தில் மேத்தமேடிக்ஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று தட்டி எண்டர் கொடுக்கவும். பாடங்களின் பட்டியல் வரும்.

4. பாடத்தின் பெயர் மீது க்ளிக் செய்தால் அதன் பக்கம் திறக்கும். எத்தனை வாரம், எப்போது தொடங்குகிறது, எந்த வாரம் என்ன பாடம், முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற நான்கையும் படிக்கவும். நான்காவதைப் பலர் படிப்பதில்லை. மூன்றாவது வாரம் பாடம் புரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

5. பிடித்திருந்தால் சேர்வதற்கான பட்டனை அழுத்தவும். படிப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டி நேரில் தேர்வு எழுதுபவர்கள் மட்டும் கட்டணம் கட்ட வேண்டும். தொகையை அந்தப் பருவத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும்.

என்பிடெல் சான்றிதழில் மதிப்பெண் 100. வாரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. பயிற்சியில் 25-க்குக் குறைந்தது 10-ம், தேர்வில் 75-க்குக் குறைந்தது 30-ம் வாங்க வேண்டும். 12 வாரப் பாடம் என்றால், நீங்கள் நன்றாகச் செய்த 8 பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஊர்க் கல்யாணத்துக்காக ஒரு வாரம் விட்டுப்போனால் பதற வேண்டாம்.

பட்டமே வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கியது. சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யே 2020-ல் டேட்டா சயன்ஸ் படிப்பை ஆன்லைனில் ஆரம்பித்தது. அதன் முதல் நிலையில் கணிதமும் புள்ளியியலும் தலா இரண்டு தாள்கள். வயது வரம்பு கிடையாது.

நலப் பயிற்சி வகுப்புகள்

தென் சென்னையில் இந்த வகுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. மந்தைவெளியில் உள்ள கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் 1976-ல் டி.கே.வி. தேசிகாச்சார் நிறுவியது. தன் தந்தையும் குருவுமான டி. கிருஷ்ணமாச்சார்யாவின் பெயரை அதற்கு வைத்தார். தேசிகாச்சார் இன்ஜினியரிங் படித்தவர். ஒவ்வொருவரின் வயது, உடல்நிலை, நோய் இவற்றைப் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி சொல்லித்தருவதுதான் இந்த மரபின் சிறப்பு. இது தவிர, சபா மண்டபங்களிலும் பள்ளிக் கூடங்களிலும் வார இறுதியில் நடக்கும் இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சிகள் ஏராளம்.

பணம் கட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டியவை மூன்று. சொல்லித்தருபவர் எங்கே, எத்தனை காலம் பயின்றவர்? என் உடல்நிலை பற்றி என்னிடம் விசாரிப்பார்களா, அல்லது எல்லோருக்கும் ஒரே பயிற்சியா? பயிற்சி முடிந்த பிறகு சந்தேகம் கேட்க ஆள் உண்டா? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் தாராளமாகச் சேரலாம்.

ஒரு எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

தி.நகரில் இருக்கும் என் பெரியப்பா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டிலேயே மெஷின் உண்டு. வார இறுதி மூச்சுப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தார். மறுநாள் காலை எனக்கு போன்.

"பாருடா, போன வாரம் 150 இருந்தது. இன்னிக்கு 128. இருபத்திரண்டு குறைஞ்சிருக்கு! இனிமே எதுக்கு மாத்திரை?"

"பெரியப்பா, மாத்திரையை மட்டும் இப்போ நிறுத்தாதீங்க. உங்க நோட்டை எடுத்து வைங்க, சாயந்திரம் வரேன்" என்றேன்.

பயிற்சி நடத்தியவர்கள் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது பெரியப்பா தானாகவே எடுத்த முடிவு. நல்லவேளையாக, தினமும் காலையில் வரும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வங்கிக்காரர் பழக்கம் அவருக்கு இருந்தது. அன்று மாலை அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தொடங்கிய ஒர்க்‌ஷீட்தான் கீழே வரும் பாடம். அடுத்த ஒரு வாரமும் மாத்திரையை விடாமல் எண்களை அவரே நிரப்பினார். கணக்கு சுலபமாக வருவதற்காக எண்களை நான் சற்று மாற்றியிருக்கிறேன்.

ஒர்க்‌ஷீட் தயாரிப்போம்

முக்கியக் குறிப்பு: ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபார்முலாவும் சமக்குறியில் (=) தொடங்க வேண்டும்.

படி 1: கால்க் புரோகிராமைத் திறக்கவும். கட்டம் கட்டமாகத் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு செல். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று எழுத்துகள். மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று எண்கள். பி எழுத்தும் 2-ம் எண்ணும் சந்திக்கும் செல்லின் பெயர் பி2.

படி 2: ஏ1-ல் "நாள்", பி1-ல் "பயிற்சிக்கு முன்", சி1-ல் "பயிற்சிக்குப் பின்" என்று தலைப்புகள் கொடுக்கவும்.

படி 3: ஏ2-ல் 1, ஏ3-ல் 2 என்று தட்டவும். இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்வு செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சின்னச் சதுரத்தை மவுஸால் பிடித்து ஏ8 வரை இழுக்கவும். 3 முதல் 7 வரை தானாக நிரம்பிவிடும்.

படி 4: காலை நேர மேல் அழுத்த எண்களைக் கீழ்க்கண்டபடி தட்டவும். முதலில் வருவது பி வரிசை, அடுத்தது சி வரிசை.

நாள் 1: 142, 128
நாள் 2: 136, 141
நாள் 3: 150, 137
நாள் 4: 138, 143
நாள் 5: 144, 134
நாள் 6: 132, 139
நாள் 7: 145, 144

எண்ணை மட்டும் தட்டவும். பக்கத்தில் "மி.மீ." என்று எழுதினால் கால்க் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். சரிபார்க்க ஒரு சுலப வழி: எண்கள் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்துகள் இடது பக்கம் நிற்கும்.

படி 5: பி10-ல் =ஆவரேஜ்(பி2:பி8) என்று தட்டி எண்டர் கொடுக்கவும். பி2 முதல் பி8 வரை உள்ள எண்களின் சராசரி வரும். விடை 141. பி10-ன் மூலைச் சதுரத்தைப் பிடித்து சி10-க்கு இழுக்கவும். ஃபார்முலா தானாகவே சி2:சி8 என்று மாறிக்கொள்ளும். விடை 138.

இப்போதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. 150-ஐயும் 128-ஐயும் பார்த்தபோது குறைந்தது 22. ஏழு நாள் சராசரியைப் பார்த்தால் குறைந்தது 3 மட்டும்.

படி 6: இந்த 3 உண்மையான குறைவா, வழக்கமான ஏற்ற இறக்கமா? இங்கேதான் கல்லூரிக் கணக்கு வருகிறது. பி11-ல் =எஸ்டிடிஇவி(பி2:பி8) என்று தட்டவும். ஸ்டாண்டர்டு என்பதன் முதல் இரண்டு எழுத்தும், டீவியேஷன் என்பதன் முதல் மூன்று எழுத்தும் சேர்ந்தது இது. தமிழில் திட்ட விலக்கம் என்பார்கள். விடை 6.08. சி11-க்கு இழுத்தால் 5.60.

கம்ப்யூட்டர் உள்ளே என்ன செய்தது?

விடையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் கணக்கு படித்ததாக ஆகாது. ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். சராசரி 141. ஒவ்வொரு நாளும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? 1, −5, 9, −3, 3, −9, 4. இவற்றை அப்படியே கூட்டினால் பூஜ்யம். எப்போதும் பூஜ்யம்தான் வரும். சராசரி என்பதன் பொருளே அது. மேலே போனதும் கீழே வந்ததும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கம் எடுக்கிறோம்: 1, 25, 81, 9, 9, 81, 16. கூட்டினால் 222.

இதை 7-ஆல் வகுக்காமல், ஒன்று குறைத்து 6-ஆல் வகுக்க வேண்டும். ஏன்? ஏழு வித்தியாசங்களின் கூட்டல் பூஜ்யம் என்று தெரிந்துவிட்டால், ஆறு தெரிந்த உடனே ஏழாவது தானாகத் தெரிந்துவிடும். சுதந்திரமாக நிற்பவை ஆறுதான். 222-ஐ 6-ஆல் வகுத்தால் 37. அதன் வர்க்கமூலம் 6.08. கம்ப்யூட்டர் கொடுத்த அதே விடை!

இதன் பொருள்: எந்தப் பயிற்சியும் செய்யாத வாரத்திலேயே பெரியப்பாவின் எண் சராசரிக்கு மேலும் கீழும் 6 அளவில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தின் குறைந்த எண் 132, அதிக எண் 150. ஒரே வாரத்தில், ஒன்றும் செய்யாமலே 18 வித்தியாசம்.

சராசரியை எவ்வளவு நம்பலாம்?

படி 7: பி12-ல் =பி11/எஸ்க்யூஆர்டி(கவுண்ட்(பி2:பி8)) என்று தட்டவும். எஸ்க்யூஆர்டி என்பது வர்க்கமூலம், கவுண்ட் என்பது எத்தனை எண்கள் என்று எண்ணும் கட்டளை. விடை 2.30. சி12-க்கு இழுத்தால் 2.12. இதற்குத் திட்டப் பிழை என்று பெயர். பிழை என்றால் தவறு என்று அர்த்தமில்லை. இந்தச் சராசரி சுமார் எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பதற்கான அளவு அது.

படி 8: பி13-ல் =பி10-சி10 என்று தட்டவும். விடை 3. இது சராசரிகளின் வித்தியாசம்.

படி 9: பி14-ல் =எஸ்க்யூஆர்டி(பி12^2+சி12^2) என்று தட்டவும். ^ என்ற குறியை ஷிஃப்ட் விசையுடன் 6-ஐ அழுத்திப் பெறலாம். விடை 3.12. இது அந்த வித்தியாசத்தின் திட்டப் பிழை.

இப்போது 13-வது வரியையும் 14-வது வரியையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3. அதில் இருக்கும் ஆட்டம் 3.12. வித்தியாசம் திட்டப் பிழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால்தான், "ஏதோ நடந்திருக்கிறது" என்று சொல்வது வழக்கம். ஏழு ஏழு நாட்கள் மட்டும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும், 2.18 மடங்கு. அதாவது 6.8-க்கு மேல் குறைந்திருக்க வேண்டும். நம் கையில் இருப்பது 3.

குறைந்த எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும்போது இப்படிக் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்று 1908-ல் எழுதியவர் வில்லியம் காசெட். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். கல்லூரிப் பாடத்தில் ஸ்டூடன்ட் டி-டெஸ்ட் என்று வருவது இதுதான். இது ஏதோ மாணவர்களுக்கான சோதனை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு!

ஆக, முடிவு என்ன? மூச்சுப் பயிற்சியால் பயனில்லை என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. பயன் இருக்கிறது என்றும் சொல்லவில்லை. ஏழு நாள் எண்களை வைத்துச் சொல்ல முடியாது என்கிறது. ஒரு நாள் எண்ணை வைத்து மாத்திரையை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும். தவிர, அந்த 128 கூட மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வந்த எண். மாத்திரை இல்லாமல் எவ்வளவு வரும் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

உச்சத்துக்குப் பிறகு இறக்கம்

பயிற்சிக்குப் போய் வந்த உடனே எண் குறைந்தது போலத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் எப்போது வகுப்பில் சேருகிறோம்? எண் அதிகமாகி, பயம் வந்த அன்றுதான். 150 வந்த நாளில்தான் பெரியப்பா பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். வழக்கத்தைவிட மிக அதிகமான ஒரு நாளுக்குப் பிறகு வரும் நாட்கள், பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கித்தான் வரும். அவர் பெயர் கொடுத்த மறுநாளே, பயிற்சி தொடங்கும் முன்பே, எண் 138-க்கு வந்துவிட்டது பாருங்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கால்டன். 1886-ல் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்தபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் குள்ளமாக இருப்பதைக் கவனித்தார். சராசரிக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயர். காய்ச்சல் உச்சத்தில் கொடுத்த கஷாயம், தலைவலி உச்சத்தில் போட்ட தைலம், எல்லாவற்றுக்கும் இந்த விதி கொஞ்சம் பெயர் வாங்கிக் கொடுக்கும்.

எத்தனை நாள் எழுத வேண்டும்?

திட்டப் பிழை ஃபார்முலாவில் நாட்களின் எண்ணிக்கை வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. அதனால் நாட்களை இரண்டு மடங்காக்கினால் சந்தேகம் பாதியாகாது. பாதியாக்க நான்கு மடங்கு நாட்கள் வேண்டும். பயிற்சிக்கு முன் 28 நாள், பின் 28 நாள் எழுதினால், ஆட்டம் இதே அளவில் இருக்குமானால், 3.12 என்பது 1.56 ஆகும். அப்போதும் 3 என்ற வித்தியாசம் எல்லைக் கோட்டில்தான் நிற்கும். சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

படத்தில் பார்க்க விரும்பினால், ஏ1 முதல் சி8 வரை தேர்வு செய்து, இன்சர்ட் மெனுவில் சார்ட் என்பதை க்ளிக் செய்யவும். வரும் பட்டியலில் லைன் வகையைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்தாலே, பெரிய வித்தியாசம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

எண் சரியாக இருந்தால்தான் கணக்கு சரி

தப்பான எண்ணைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தப்பான விடையைத்தான் கொடுக்கும். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும்போது:

• அதற்கு முன் அரை மணி நேரம் காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். மூச்சுப் பயிற்சி முடித்த கையோடும் பார்க்க வேண்டாம்.

• நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவும்.

• பட்டை கட்டிய கை, இதயத்தின் உயரத்தில் மேஜை மீது இருக்கட்டும். சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது.

• ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதவும். தினமும் ஒரே நேரத்தில் பார்க்கவும்.

• நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்பப் பார்த்து, அதை மட்டும் எழுதும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் எடுத்த எண்களின் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை உயர் ரத்த அழுத்தமாகக் கருதுகிறார்கள். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல் போன்றவை இருந்தால், சராசரி எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஃபைலைச் சேமிக்கும்போது சேவ் ஆஸ் பெட்டியில் பாஸ்வேர்டுடன் சேமிக்கும் வசதி உண்டு. உடல்நல விவரம் என்பதால் அதைப் பயன்படுத்தலாம். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் ஃபைலைத் திறக்க முடியாது, ஆகவே எழுதி வைக்கவும். ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் போட்டுவையுங்கள்.

சில சந்தேகங்கள்

விடைக்குப் பதில் #நேம்? என்று வருகிறதே?
ஃபார்முலாவின் பெயரில் எழுத்துப் பிழை. கால்க்கில் இன்சர்ட் மெனுவில் ஃபங்ஷன் என்பதைத் திறந்து, ஸ்டாட்டிஸ்டிகல் பிரிவில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் டைப் செய்யும் வேலையே இல்லை.

ஒரு நாள் பார்க்க மறந்துவிட்டேன். என்ன எழுதுவது?
செல்லைக் காலியாக விடவும். பூஜ்யம் போட்டால் சராசரி கெட்டுவிடும். காலி செல்லை ஆவரேஜ், கவுண்ட் இரண்டுமே கணக்கில் எடுப்பதில்லை.

ஆங்கிலத்தில் பாடம் கேட்டால் புரியுமா?
வீடியோவைப் பாதியில் நிறுத்தி, திரும்பப் போட்டுக் கேட்கலாம். வகுப்பறையில் அது முடியாது. என்பிடெல்லில் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் பார்ப்பது மட்டும் படிப்பு ஆகாது. பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். அரை மணி வீடியோவுக்கு ஒரு மணி நேரம் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சி

1. பி15-ல் =மீடியன்(பி2:பி8) என்று தட்டி, சி15-க்கு இழுக்கவும். வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண் இது. விடை 142, 139 என்று வர வேண்டும்.

2. சி2-ல் இருக்கும் 128-ஐ அழித்துவிட்டு 98 என்று தட்டவும். சராசரி எவ்வளவு மாறுகிறது? மீடியன் எவ்வளவு மாறுகிறது? ஏன் என்று யோசியுங்கள். பிறகு கண்ட்ரோல் விசையுடன் இசட் விசையை அழுத்திப் பழைய எண்ணுக்குத் திரும்பவும்.

3. இன்று காலையிலிருந்து உங்கள் வீட்டு எண்களை இரண்டாவது ஷீட்டில் எழுதத் தொடங்கவும். ரத்த அழுத்தம் இல்லாதவர்கள், நடந்த நிமிடங்களை அல்லது தூங்கிய நேரத்தை எழுதலாம். கணக்கு ஒன்றுதான்.

பெரியப்பா இரண்டு வாரத் தாளையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தன் டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் அதைக் கடைசி வரை படித்துப் பார்த்துவிட்டு, மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் இரண்டுமே தொடரட்டும், தாளையும் விடாமல் எழுதுங்கள் என்றாராம். நீங்களும் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு போகாமல், ஒரு மாதத்துத் தாளைக் கொண்டுபோங்கள். ஒரு மாதம் எழுதியவர்கள், புள்ளியியல் பாடத்தின் முதல் சில வாரங்களை அடுத்த பருவத்தில் பயமில்லாமல் தாண்டிவிடலாம்.